பதினோரு பேர் சொன்ன பதில்

அந்தக் கல்லூரிக்கு இரண்டு வாசல். ஒன்று இரும்பு கேட்டும் காவலாளியும் உள்ள வாசல். இன்னொன்று அதற்கு நேர் எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், எட்டடிக்குப் பத்தடி ஜெராக்ஸ் கடை. இரண்டாவது வாசலை மிதிக்காமல் முதல் வாசலுக்குள் நுழைந்த மாணவன் கிடையாது. இதைக் கடைக்காரரே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். பெருமைக்குச் சொல்கிறார் என்று யாராவது நினைத்தால், சரிதான், பெருமைக்குத்தான் சொல்கிறார். ஆனால் அதில் பொய் கிடையாது.

அவருக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் நின்றது. ஓர் அச்சகத்தில் தரை பெருக்கப் போனார். பெருக்கிய குப்பையில் கிடந்த கழிவுத் தாள்களைப் படித்துப் படித்துத்தான் வாசிப்பு தேறியது. இருபத்தேழாம் வயதில் சொந்தமாக ஒரு நகல் எந்திரம் வாங்கினார். ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாமென்று தூக்கிப் போட்ட எந்திரம் அது. நூறு தாளுக்கு ஒரு தாளை மென்று துப்பும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்து சேர ஒரு வாரம் ஆகும். மூன்று தடவை பொறுத்துப் பார்த்தார். நாலாவது தடவை அவரே திருப்புளியை எடுத்து எந்திரத்தைப் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்டி முடித்தபோது இரண்டு திருகாணி மிச்சம். அந்த இரண்டும் இல்லாமலேயே எந்திரம் ஒன்பது வருடம் ஓடியது.

"செஞ்சவனுக்கே தெரியாம ரெண்டு ஸ்க்ரூ கூடுதலா வச்சிருக்கான். நான்தான் கண்டுபிடிச்சேன்" என்பார்.

இப்போது இருப்பது மூன்றாவது எந்திரம். கடை தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எந்திரம் அவர் பொறுப்பு. சுருள் கம்பி கோக்கிற வேலையும் லேமினேஷனும் மனைவி பொறுப்பு. கடையில் ஒரே ஒரு சட்டம்தான். வாடிக்கையாளர் கொண்டுவரும் காகிதத்தைப் படிக்கக் கூடாது. சான்றிதழ் இருக்கும், வழக்குக் காகிதம் இருக்கும், மருத்துவர் சீட்டு இருக்கும். அது அவரவர் மானம். மனைவி இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. சட்டம் போட்டவர் தினமும் மீறினார்.

படிப்பதோடு நிற்கவும் மாட்டார். நேர்முகத் தேர்வு முடிந்து கேட்டுக்கு வெளியே வருகிற பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிடுவார். "என்னப்பா கேட்டாங்க?" என்பார். அவர்கள் சொல்வதைப் பாழாய்ப் போன நகல்களின் பின்பக்கத்தில் குறித்து வைப்பார். அப்படிச் சேர்ந்த தாள்களை மனைவி கம்பி கோத்து மூன்று தடித்த புத்தகமாக ஆக்கியிருந்தாள். உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன கேட்பார்கள் என்பது, அங்கே உட்கார்ந்திருப்பவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வருடம் வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சும்மாவே எடுத்துவிடுவார்.

இந்த வருடம் கல்லூரியில் மாலை வகுப்பு தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பை நகலெடுக்க அவர் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதனால் அந்த ஊரில் அதை முதலில் படித்தவர் அவர்தான். வரலாறு. நாற்பது இடம். நேர்முகத் தேர்வு உண்டு. பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். கடைசி வரி: ஐம்பது வயது நிறையாதவர்கள் மட்டும்.

பள்ளி இறுதித் தேர்வை அவர் தனியாகப் படித்து எழுதித் தேறியிருந்தார். அதற்கு நாலு வருடம் பிடித்தது. கணக்கு இரண்டு தடவை காலை வாரிவிட்டு, மூன்றாவது தடவை இரக்கப்பட்டு விட்டுவிட்டது. வயது நாற்பத்தொன்பது முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் அப்புறம் எந்த வருடமும் கிடையாது. அதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விண்ணப்பத்தை மட்டும் மூன்று நகல் எடுத்து, அதில் இருப்பதிலேயே பளிச்சென்று விழுந்ததில் பூர்த்தி செய்தார்.

மதியம் இரண்டு மணிக்குக் கடையில் ஈ காக்கா இருக்காது. அந்த நேரத்தில் ஒத்திகை நடந்தது. மனைவி துளை போடும் கருவியை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டு தேர்வாளர் ஆனாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"முதல்ல உக்காரச் சொல்லு."

"உக்காந்துதானே இருக்கீங்க?"

"அங்க நின்னுக்கிட்டுதான் உள்ள போவேன். அவங்க சொன்னப்புறம்தான் உக்காரணும். அதுக்குன்னு தனி மார்க் இருக்கு, தெரியுமா?"

"சரி, எந்திரிங்க. உக்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அவர் ஆரம்பித்தார். அச்சகம் வந்தது, குப்பை வந்தது, திருப்புளி வந்தது, இரண்டு திருகாணியும் வந்தன. அதற்குள் அவள் ஒரு முழு ஆய்வேட்டுக்குத் துளை போட்டு, கம்பி கோத்து, முனையை மடக்கி முடித்துவிட்டாள். அவர் இன்னும் இரண்டாவது எந்திரத்துக்கே வந்து சேரவில்லை.

"போதும் போதும். உங்களைப் பத்திக் கேட்டா மெஷினைப் பத்திச் சொல்றீங்க. நாலே வரி. அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"அவங்க போக மாட்டாங்க. சம்பளம் வாங்குறாங்க."

"உங்க பலவீனம் என்ன?"

"எனக்கென்ன பலவீனம்?"

"அப்படியே எழுதிக்கோங்க. அதான் பதில்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ஏன் இந்தக் கல்லூரிய தேர்ந்தெடுத்தீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். மூன்று புத்தகத்திலும் அதிகமாக வந்த கேள்வி இதுதான். எல்லாப் பிள்ளைகளும் கோட்டை விட்டதும் இதில்தான். நல்ல நூலகம், நல்ல ஆசிரியர்கள் என்று கல்லூரியின் விளம்பரத் தாளில் இருப்பதையே திருப்பி ஒப்பிப்பார்கள். அந்த விளம்பரத் தாளையும் இவர்தான் நகலெடுத்துக் கொடுத்திருப்பார். ஆகவே ஒரு வாரம் உட்கார்ந்து, அடித்து, திருத்தி, தன் பதிலைத் தானே எழுதியிருந்தார். எழுந்து நின்று சொன்னார்.

"இந்த வாசலை இருபத்திரண்டு வருஷமா வெளியிலேர்ந்து பாத்துட்டேன். உள்ளேர்ந்து பாத்தா தெரு எப்படித் தெரியும்னு பாக்க ஆசை."

துளை போடும் கை நின்றது.

"யாரு எழுதினது?"

"யாரா? இந்தக் கையி எழுதினது!"

"நல்லாருக்குங்க. இத மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு வந்துடுங்க. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் அவர்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் காலை, ஒரு பெண் வந்து ஒன்பது நகல் எடுத்தாள். எடுத்தவள் போகாமல் லேமினேஷன் மேசைக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வரலாற்றுத் துறையிலேயே பகல் வகுப்புக்கு விண்ணப்பித்தவள். அப்பா பேருந்து ஓட்டுகிறவர்.

"என்னம்மா, தாள்ல ஏதும் மை பட்டுடுச்சா?"

"இல்லண்ணே. நாளைக்கு எனக்கு ஒண்ணும் சொல்ல வராது. ஏன் இந்தக் காலேஜ்னு கேட்டா அழுகைதான் வரும்."

அவர் மூன்று புத்தகத்தையும் எடுத்துப் போட்டார். அது இது என்று பத்துப் பதில் சொல்லிப் பார்த்தார். எதுவும் அவள் முகத்தில் ஒட்டவில்லை. நல்ல சரக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மட்டமானதை எடுத்துக் காட்டுகிற வியாபாரி மாதிரி அவருக்கே கூச்சமாக இருந்தது. ஒரு துண்டுத் தாளை எடுத்தார். தன் பதிலை எழுதி நீட்டினார்.

"வருஷத்த மட்டும் உன் வயசுக்குத் தக்கன மாத்திக்கோ."

அவள் இரண்டு தடவை படித்தாள். அழுகை நின்றுவிட்டது. "அண்ணே, இது நீங்களே எழுதினதா?"

அந்த ஒரு கேள்விக்கு இன்னும் நாலு பதில்கூட எழுதிக் கொடுத்திருப்பார். நல்ல வேளையாக அவளுக்கு அவசரம். அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. பகல் வகுப்புக்குக் காலையில் நேர்முகம், மாலை வகுப்புக்கு மதியத்துக்கு மேல். ஒரு பெண் காலையில் சொன்னது மதியம் வரை யார் நினைவில் இருக்கும்? தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்கி வர மனைவியிடம் கடையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். நானூற்றுப் பதினேழு. புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுத்தது. அறையில் நீண்ட மேசை, பச்சை விரிப்பு, ஒரு ஜாடித் தண்ணீர், மூன்று பேர். நடுவில் கல்லூரி முதல்வர், கண்டிப்பான அம்மாள். வலப்பக்கம் வரலாற்றுப் பேராசிரியர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்தார். இடப்பக்கம் பதிவேட்டோடு கிளார்க். மேசையில் விண்ணப்பங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொரு தாளிலும் இடது ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. அவர் எந்திரத்து உருளையில் விழுந்த கீறல் அது. மொத்த மேசையும் தன் சரக்குதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பயம் பாதி போய்விட்டது.

"உக்காருங்க" என்றார் முதல்வர்.

உட்கார்ந்தார். தன்னைப் பற்றி நாலே வரி சொன்னார். ஐந்தாவது வரி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினார்.

"ஏன் இந்தக் கல்லூரி?"

நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பதிலைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மூன்று முகத்தையும் பார்த்தார். முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார். பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். கிளார்க் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

"பன்னெண்டு" என்றார் கிளார்க்.

"என்ன பன்னெண்டு?"

"காலையிலேர்ந்து இதே பதிலைப் பதினோரு பேரு சொல்லிட்டாங்க" என்றார் முதல்வர். "நீங்க பன்னெண்டாவது."

"ஒரு பையனுக்கு வயசு பத்தொம்பது" என்றார் பேராசிரியர். "அவனும் இருபத்திரண்டு வருஷமா இந்த வாசலைப் பாத்துக்கிட்டிருந்தானாம்."

"பொறக்குறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கான் சார்" என்றார் கிளார்க்.

ஒரு பெண்ணுக்குத்தானே கொடுத்தார், பதினோரு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

"மேடம், அந்தப் பதில் என்னோடது. நான் எழுதினது."

"கேட்டப்ப ஏழு பேரு அப்படித்தான் சொன்னாங்க."

"இல்ல மேடம், நெசமாவே. எதிர்க்கடை என்னுது. இருபத்திரண்டு வருஷமா…"

பேராசிரியர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "இவருக்குக் கணக்கு சரியாத்தான் வருது" என்றார்.

"வரட்டும்" என்றார் முதல்வர். "யாரு எழுதியிருந்தாலும் அது எங்களுக்கு வேண்டாம். காது புளிச்சுப் போச்சு. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிடணும்."

வேறு ஏதாவது. மூன்று தடித்த புத்தகத்தில் இருந்த அத்தனை பதிலும் அந்த நேரத்தில் சொல்லி வைத்தாற்போல ஓடிப் போய்விட்டன. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வாய்க்கு வார்த்தை எடுத்துக் கொடுத்த மனிதருக்குத் தன் வாயில் போட ஒன்றுகூட இல்லை. மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்தார். கிளார்க் அடுத்த எண்ணைக் கூப்பிட வாயெடுத்தார்.

"எங்க கடையில காகிதத்தைப் படிக்கக் கூடாதுன்னு நான் ஒரு ரூல் போட்டிருக்கேன்" என்று தொடங்கினார். "ஆனா நான் படிப்பேன்."

மூவரும் பார்த்தார்கள்.

"தப்புதான். கை மெஷின்ல இருக்கும், கண்ணு தாள்ல இருக்கும். பசங்க முழுப் புத்தகத்தைக் காப்பி எடுக்க மாட்டாங்க மேடம். பரீட்சைக்கு வர்ற பக்கம் மட்டும்தான். உங்க வரலாற்றுப் புத்தகத்துல நாப்பத்தொண்ணுலேர்ந்து அம்பத்தெட்டு வரைக்கும். வருஷா வருஷம் அதே பதினெட்டுப் பக்கம். அதுல ஒரு நாட்டுல பஞ்சம் வருது. சனங்க மரப்பட்டைய வேகவச்சுத் திங்கிறாங்க. ஊரக் காலி பண்ணிட்டு ஆத்தங்கரையில வந்து நிக்கிறாங்க. அத்தோட அம்பத்தெட்டாம் பக்கம் முடிஞ்சிடுது. எத்தனையோ வருஷமா அந்தச் சனங்க அந்த ஆத்தங்கரையிலயே பட்டினியா நிக்கிறாங்க. அப்புறம் சோறு கெடச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு."

"அந்தப் புத்தகத்தை வாங்கிப் படிக்க வேண்டியதுதானே?" என்றார் பேராசிரியர். "அதுக்கு எதுக்கு மூணு வருஷப் படிப்பு?"

"வாங்கினேன் சார். படிச்சேன். சோறு கெடச்சுது. அங்கதான் வம்பே. மழை பெஞ்சுது, பஞ்சம் தீந்துச்சுன்னு உங்க புத்தகம் சொல்லுது. பழைய புத்தகக் கடையில இன்னொண்ணு கெடச்சுது, அட்டை இல்லாதது. சனங்க தானியக் கிடங்கை உடைச்சாங்க, அதனாலதான் பஞ்சம் தீந்துச்சுன்னு அது சொல்லுது. ரெண்டுலயும் அதே வருஷம், அதே மாசம்."

பேராசிரியர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். "உங்களுக்கு எது சரின்னு படுது?"

"கிடங்குதான் சார்."

"ஏன்?"

"மழை பெஞ்ச மாசமே தானியம் வந்துடுமா? விதைக்கணும், முளைக்கணும், அறுக்கணும். நாலு மாசமாவது ஆகாதா? ஆனா பசி அதே மாசம் தீந்துச்சுன்னு உங்க புத்தகமே சொல்லுது. அப்ப வேற எங்கேர்ந்தோதானே வந்திருக்கணும்? ஆனா கிடங்குல தானியம் இருந்தா, அது ஏன் பூட்டிக் கெடந்துச்சு? அத ரெண்டு புத்தகமும் சொல்லல. கேக்க எனக்கு ஆளு இல்ல. கேக்கத்தான் வந்தேன்."

கிளார்க் கோடு எதுவும் போடவில்லை. முதல்வர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலாம்" என்றார் முதல்வர்.

அவர் எழுந்தார். அந்த இரண்டு சொல் நல்லதற்கா கெட்டதற்கா என்று அவருடைய மூன்று புத்தகத்திலும் இல்லை. எல்லோரிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"என் பதிலை ஊருக்கே போட்டுக் குடுத்தது யாரு?"

"என்ன பதில்?" என்றாள் மனைவி.

"ஒரு துண்டுச் சீட்டு. நேத்திக்கு."

அவள் யோசித்தாள். "ஒரு பொண்ணு வந்துச்சு. சான்றிதழ் சரிபாக்க நின்ன வரிசையே அது பின்னாடி வந்துச்சு. பத்துக் காப்பி கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன்."

"படிச்சுப் பாக்கலையா?"

"படிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாருங்க?"

"என் கையெழுத்து! கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து பாக்குறியே, அதுகூடவா தெரியல?"

"அத்தன வருஷமா பாக்குறதாலதான் பாக்கல."

அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? நான் என்ன சின்னப் பிள்ளையான்னீங்க" என்றாள் அவள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கடைசியில என்னதான் சொன்னீங்க அங்க?" என்றாள்.

"பஞ்சத்தைப் பத்திச் சொன்னேன்."

"போச்சு" என்றாள் மனைவி. அந்த வாரம் முழுக்க அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆறு நாளில் அவர் மூன்று தடவை எந்திரத்தைப் பிரித்து மாட்டினார். எந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லை. யாராவது கடையில் கல்லூரிப் பேச்சை எடுத்தால் சில்லறை இல்லை என்றார். கேட்டை விட்டு வெளியே வந்த பிள்ளைகளை ஒரு தடவைகூடக் கைதட்டிக் கூப்பிடவில்லை. அவர் வாயடைத்துப் போய் இருந்ததை அந்தத் தெரு அந்த ஒரு வாரம்தான் பார்த்தது.

ஏழாம் நாள் பட்டியலைக் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். தெருவைத் தாண்டினால் பத்தடி. காலையிலிருந்து நிறையப் பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர் மதியம் கடை காலியாகிற வரை போகவில்லை. பிறகு போனார். மாலை வகுப்பு, நாற்பது எண்கள். மேலிருந்து கீழே வந்தார், கண் தாண்டிப் போய்விட்டது. கீழிருந்து மேலே போனார். முப்பத்தாறாம் வரிசையில் நானூற்றுப் பதினேழு. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு பக்கத்துப் பகல் வகுப்புப் பட்டியலில் பேருந்து ஓட்டுநரின் மகளைத் தேடினார். அவள் எண்ணும் இருந்தது. வருடத்தை மாற்றிச் சொன்ன ஒரே ஆள் அவள்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

பத்தொன்பது வயதுப் பையனின் எண் எங்கும் இல்லை. அவன் சாயங்காலம் கடைக்கு வந்து சண்டைக்கு நின்றான்.

"உங்க பதிலாலதான் எனக்குப் போச்சு."

"அதே பதிலால எனக்கும்தான் போகப் பாத்துச்சு. எழுதின எனக்கே அதோட பாடு தெரியல, உனக்கு யாரு எடுத்துக்கச் சொன்னா?" என்றார் அவர். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார். "அடுத்த வருஷம் வா. உனக்கு வயசு இருக்கு. ஆனா என்கிட்ட பதில் கேக்காத."

சேர்க்கை நாளில் அலுவலக அறையில் வரிசை. அவருக்கு முன்னால் ஒரு நர்ஸ், பின்னால் கூரியர் கொடுக்கிற ஆள் ஒருவர். அவர் முறை வந்தபோது உள்ளே பழைய கிளார்க்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, பன்னெண்டு" என்றார் கிளார்க்.

"சிரிங்க, சிரிங்க. இந்த மேசைல இருக்குற ஒவ்வொரு தாளும் எங்க கடையைத் தாண்டி வந்தது."

"தெரியும், தெரியும். தொழில் என்ன எழுதட்டும்? சுயதொழில்னு போட்டுடுறேன்."

"அது என்ன, பேர் தெரியாத ஆளுக்குப் போடுற மாதிரி? ஜெராக்ஸ் கடை உரிமையாளர், கல்லூரிக்கு நேர் எதிரில். அப்படியே எழுதுங்க."

"கட்டம் இவ்ளோதான் இருக்கு. இடம் பத்தாது."

"சின்னதா எழுதுங்க" என்றார் அவர்.

கிளார்க் சின்னதாக எழுதினார்.